மாடி சோலாருக்கு வருடாந்திரப் பராமரிப்புத் திட்டம்: பணம் கட்டலாமா? (பெங்களூரு)

பானஸ்வாடி_மாடிவீடு

போன வருடம் மழைக்கு முன்னால் மாடியில் 3 கிலோவாட் ஆன்கிரிட் (மின்வாரிய லைனோடு இணைந்த) சோலார் போட்டோம். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்ட மானியம் 78,000 ரூபாய் கணக்கில் ஏறிவிட்டது. மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் நெட் மீட்டரும் (லைனுக்குப் போகும் யூனிட், வரும் யூனிட் இரண்டையும் எண்ணுவது) ஒழுங்காக ஓடுகிறது. குறை ஒன்றும் இல்லை.

இப்போது போட்டுக்கொடுத்த நிறுவனத்திலிருந்து ஓயாமல் போன். "சார், முதல் வருஷ சர்வீஸ் முடிஞ்சிருச்சு, இனிமே பாதுகாப்புத் திட்டம் எடுத்தாதான் வாரண்டி நிக்கும்" என்கிறார்கள். வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று வகை. வருடத்துக்கு 4,500, 7,500, 11,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. தங்கத்தில் மாதம் ஒருமுறை கழுவித் தருவார்களாம், வருடம் இரண்டு தடவை 'ஹெல்த் செக்கப்'. வைரத்தில் கூடவே 'உற்பத்தி உத்தரவாதம்'.

எனக்கு மாதம் மிச்சமாவதே இரண்டாயிரம் சொச்சம். அதில் மூன்று, நாலு மாதப் பணத்தை இவர்களுக்கே கொடுத்துவிட்டால் சோலார் எதற்கு? ஆனால் ஏதாவது கெட்டுப்போனால் யாரைப் போய்ப் பிடிப்பது என்ற பயமும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


அல்சூர்க்காரன்

பொறுங்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மானியம் வாங்கிய சிஸ்டத்துக்கு முதல் 5 வருடப் பராமரிப்பு போட்டுக்கொடுத்தவர் பொறுப்பு. சூர்ய கர் திட்டத்தின் விதியே அதுதான். உங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கும். நிறையப் பேர் மானியம் வந்தால் போதும் என்று அதைப் பிரித்தே பார்ப்பதில்லை. தேடி எடுத்து, பராமரிப்பு என்று வரும் பகுதியை மட்டும் படியுங்கள். கழுவுவது யார் வேலை, வந்து பார்ப்பது யார் வேலை என்று தெரிந்துவிடும்.

"திட்டம் எடுத்தால்தான் வாரண்டி" என்பது சுத்த பம்மாத்து. பேனலுக்கு வாரண்டி தருவது பேனல் கம்பெனி, இன்வெர்ட்டருக்கு (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) தருவது இன்வெர்ட்டர் கம்பெனி. நடுவில் நிற்பவர் அதை வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. வாரண்டி அட்டையில் எங்கே அப்படி எழுதியிருக்கிறது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போன் குறைந்துவிடும்.


கம்மனஹள்ளி_லதா

கழுவுவதற்கு மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊரில் 1 கிலோவாட்டுக்கு வருடம் முழுக்கச் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் வரும். 3 கிலோவாட்டுக்கு 12, மாதம் 360. தூசியால் ஐந்து சதவீதம் போகிறது என்றே வைத்துக்கொண்டாலும் 18 யூனிட். யூனிட் ஏழு ரூபாய் என்றால் 126 ரூபாய். இதை மிச்சம் பிடிக்க மாதம் அறுநூறு, எழுநூறு கொடுத்து ஆள் வைத்துக் கழுவ வேண்டுமா? ஜூன் முதல் அக்டோபர் வரை மழையே கழுவிவிடும். டிசம்பரிலிருந்து மே வரைதான் நம் பாடு. எங்கள் தெருவில் பக்கத்து மனையில் கட்டடம் எழும்பியபோது மட்டும் இந்தக் கணக்கு பொய்யானது. சிமெண்ட் தூசி பனியில் நனைந்து பிடித்துக்கொண்டால் மழைக்கும் அசையாது.

தண்ணீர் விஷயம் ஒன்று. இங்கே பெரும்பாலும் போர்வெல் தண்ணீர், உப்பு அதிகம். அதில் கழுவித் துடைக்காமல் விட்டால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, தூசியே தேவலை என்று ஆகிவிடும். ஆர்ஓ மெஷினிலிருந்து கழியும் தண்ணீர் வீணாகிறதே என்று அதை ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் உப்பு இன்னும் கூடுதல். 2024 மார்ச் தண்ணீர்த் தட்டுப்பாட்டில், குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். அப்போதிருந்து எங்கள் வீட்டில் மழைநீர்த் தொட்டித் தண்ணீர்தான். ஒரு வாளி, நீளக்கம்பு வைத்த ஸ்பாஞ்ச், ரப்பர் வைப்பர். காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். உச்சி வெயிலில் சுடுகிற கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீரை அடித்தால் விரிசல் விடலாம். சோப்புத் தூள், தேய்க்கும் நார் எதுவும் வேண்டாம்.

பேனல்மேல் காலை வைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். சர்வீஸ் பையன்கள் அவசரத்தில் ஏறிவிடுவார்கள். மேலே கண்ணாடி அப்படியே இருக்கும், உள்ளே கரண்ட் உண்டாக்கும் செல்லில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும்.


டெஸ்டர்_செல்வம்

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். லதா மேடம் சொன்னது சரி. ஆனால் ஒன்று: பறவை எச்சத்தையும் தூசியையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. தூசி பேனல் முழுக்கச் சமமாகப் படியும், உற்பத்தி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பருந்தோ புறாவோ ஒரு செல்லை மறைக்கும் அளவுக்குப் போட்டுவிட்டால் அந்த ஒரு செல் சூடேறிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக ஒரு பேனலுக்குள் மூன்று பைபாஸ் டயோடு (மறைந்த பகுதியைச் சுற்றிக் கரண்டை அனுப்பும் பாகம்) இருக்கும். மறைவு அதிகமானால் ஒரு டயோடு வேலை செய்து, பேனலில் மூன்றில் ஒரு பங்கு ஒதுங்கிவிடும். எச்சம் மழைக்கும் முழுசாகப் போகாது. அதைக் கண்ட அன்றே ஈரத்துணி போட்டு ஊறவைத்துத் துடைத்துவிடுங்கள். அதற்கு மாதச் சந்தா எதற்கு?

இப்போது உண்மையில் எது கெட்டுப்போகிறது என்று சொல்கிறேன். புகார் என்று கூப்பிட்டுப் போகும் வீடுகளில் பேனல் கெட்டதைப் பார்ப்பது அபூர்வம். தொல்லை எல்லாம் பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில்தான்.

முதல் சந்தேகம் எம்சி4 கன்னெக்டர். பேனலிலிருந்து வரும் கறுப்பு வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் முனை. பேனலோடு வருவது ஒரு பிராண்ட், நீள வயரில் போடுவது கடையில் கிடைத்த இன்னொன்று. இரண்டும் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும், பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். உள்ளே உலோகம் உலோகத்தோடு முழுசாகப் படியாது. வெயில் காலத்தில் மணிக்கணக்காகக் கரண்ட் ஓட ஓட அந்த இடம் சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒருநாள் உருகிவிடும். மாடி சோலாரில் தீ பிடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். பேனலிலிருந்து வருவது டிசி கரண்ட் என்பதால் பொறி, வீட்டு ஏசி கரண்ட் மாதிரிச் சட்டென்று அணையவும் அணையாது.

கொஞ்சம் குனிந்து பேனலுக்கு அடியில் பாருங்கள். அந்த முனைகள் பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரில் கட்டியிருக்கிறதா, தரையில் தொங்குகிறதா? சாதாரண நைலான் டேக் போட்டிருந்தால் இரண்டு கோடையில் பொடிந்து விழுந்திருக்கும். முனை மாடித் தரையில் கிடந்து மழைத்தண்ணீரில் ஊறும். அப்போதுதான் மழை பெய்த மறுநாள் காலையில் இன்வெர்ட்டர் 'ஐசொலேஷன் ஃபால்ட்' காட்டி ஓட மறுக்கும். பத்து, பதினோரு மணிக்கு வெயிலில் ஈரம் காய்ந்ததும் தானாக ஓடும். "மேகமூட்டம் சார், அதான் லேட்டு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நம்பாதீர்கள். அது மின்கசிவு. எலி, அணில் கடித்த வயரும் இதே அறிகுறிதான் காட்டும்.

அப்புறம் எர்த்திங், அதாவது கசியும் கரண்டையும் இடியையும் மண்ணுக்குள் இறக்கும் ஏற்பாடு. இடிதாங்கிக்குத் தனிக் குழி, மற்றதற்குத் தனிக் குழி இருக்க வேண்டும். எர்த் டெஸ்டர் வைத்து அளந்தால் 5 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ஏப்ரல், மே மாதம் மாங்காய் மழை இடியோடு வரும் ஊர் இது. அதற்கு முன்னால் வருடம் ஒருமுறை அளந்து வாங்குங்கள். ஏசி, டிசி பெட்டிகளுக்குள் திடீர் வோல்டேஜ் பாய்ச்சலைத் தடுக்கும் எஸ்பிடி இருக்கும். பெரும்பாலானவற்றில் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கும். பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. சிவப்பானால் ஓர் இடியை வாங்கிக்கொண்டு செத்துவிட்டது, அடுத்த இடி இன்வெர்ட்டருக்குத்தான். அதைப் பார்க்க எலக்ட்ரீஷியன்கூட வேண்டாம்.

என்னைக் கேட்டால், கழுவும் எண்ணிக்கையை வைத்துத் திட்டம் எடுக்காதீர்கள். எர்த் அளவு, இன்சுலேஷன் அளவு, கன்னெக்டர், போல்ட் முறுக்கு ஆகியவற்றைப் பார்த்து, எண்களைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவருக்குப் பணம் கொடுங்கள்.


அல்சூர்க்காரன்

செல்வம் அண்ணா, இந்த ஒரு பதிலை அச்செடுத்து மாடிப்படியில் ஒட்டலாம்.


ஒயிட்ஃபீல்ட்_அரவிந்த்

எல்லோரும் திட்டமே வேண்டாம் என்கிற தொனியில் பேசுகிறீர்கள். நான் மாறுபடுகிறேன். என் பெற்றோர் ராமமூர்த்தி நகரில் தனியாக இருக்கிறார்கள். அப்பாவுக்கு 74 வயது. பேனல் இருப்பது மொட்டை மாடியில்கூட இல்லை, அதற்கு மேலே படிக்கட்டு அறையின் கூரையில், இரும்பு ஏணியில் ஏற வேண்டும். போனில் உற்பத்தி காட்டும் ஆப்பில் யூனிட் குறைந்தால் அவர் சும்மா இருப்பாரா? விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஏணி ஏறிவிடுவார். நூற்று இருபத்தாறு ரூபாய்க் கணக்கு அங்கே செல்லாது. வருடம் ஏழாயிரம் கட்டுகிறேன், மாதம் ஒரு பையன் வந்து கழுவிவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறான். அவனுக்கு இடுப்பில் கயிறு கட்டுகிறார்களா, விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே கேட்டு வாங்கினேன். நம் கூரையிலிருந்து யாராவது விழுந்தால் பில் மிச்சம் பேச முடியாது.


கம்மனஹள்ளி_லதா

அரவிந்த் சொல்வது நியாயம். கழுவ ஆள் வேண்டுமா என்பதை யூனிட் தீர்மானிக்காது, ஏணி தீர்மானிக்கும். எங்கள் வீட்டில் பேனல் இடுப்பு உயரத்தில் இருப்பதால் நான் சுலபமாகப் பேசிவிட்டேன்.


பாலிசி_அக்கா

பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் இவர்கள் விற்பது பராமரிப்பு மட்டும். புயலில் பேனல் பறந்தால், மரம் விழுந்தால், இடி விழுந்தால் இவர்கள் பைசா தர மாட்டார்கள். அதற்கு வீட்டுக் காப்பீடுதான். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசி விற்கின்றன, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்தது. அதில் வீட்டுக் கட்டடம் என்பதன் விளக்கத்திலேயே சோலார் பேனலும் வருகிறது. தனி பாலிசி தேட வேண்டியதில்லை. கட்டடத்துக்குப் போடும் தொகையில் சோலார் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள், மாடியின் படமும் பில்லும் கோப்பில் இருக்கட்டும். பாலிசி முதலில் எடுத்து, பேனல் பிறகு போட்டவர்கள் நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

எல்லாமே கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். தேய்மானம் வராது. இன்வெர்ட்டர் தனக்குள்ளேயே ஷார்ட் ஆகி எரிந்தால் அந்த இன்வெர்ட்டருக்குப் பணம் வராது. அந்த விலக்கைப் படித்துவிட்டுத் தேவைப்பட்டால் கூடுதல் கவர் கேளுங்கள். திருட்டும் அப்படித்தான்: தீ, புயல் மாதிரி ஒன்று நடந்து, அதைத் தொடர்ந்து 7 நாளுக்குள் திருடுபோனால்தான் இதில் வரும். சும்மா ஒருநாள் ராத்திரி காப்பர் வயரை வெட்டிக்கொண்டு போனால் வராது.


பானஸ்வாடி_மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துவிட்டேன். அல்சூர் சார் சொன்னபடி 5 வருடப் பராமரிப்பு கறுப்பும் வெள்ளையுமாக இருக்கிறது.

ஆனாலும் வைரத் திட்டத்தின் நிபந்தனைகளை வாங்கிப் படித்தேன். மூன்று வரி உறுத்துகிறது. 'மதிப்பிடப்பட்ட உற்பத்தி நாளொன்றுக்கு 10 யூனிட், வருடம் 3,650. இதில் 75 சதவீதத்துக்குக் குறைந்தால் குறைந்த யூனிட்டுக்கு ஈடு.' 'புகாருக்கு 72 மணி நேரத்தில் பதில்.' 'நுகர்பொருள்கள், உதிரி பாகங்கள் தனி.' செல்வம் சார், இதில் ஏதாவது இருக்கிறதா?


டெஸ்டர்_செல்வம்

முதல் வரியை நீங்களே பெருக்கிப் பாருங்கள். 3,650-இல் 75 சதவீதம் என்றால் சுமார் 2,740. உங்கள் சிஸ்டம் நன்றாக ஓடினால் வருடம் 4,300 பக்கம் வரும். உங்கள் மாடியில் ஆறு பேனல் இருக்கும். அதில் இரண்டு செத்தே போனாலும் மீதி நாலு 2,850-க்கு மேல் கொடுத்துவிடும். அதாவது மூன்றில் ஒரு பங்கு போனாலும் அவர்கள் ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை. இது குடையை வெயிலில் கொடுத்துவிட்டு மழையில் பிடுங்கிக்கொள்கிற கதை. நியாயமான உத்தரவாதம் என்றால் 4,000 யூனிட் பக்கம் தொடங்கி, வருடத்துக்கு அரை சதவீதம், முக்கால் சதவீதம் தேய்மானம் கழிக்கும். அளவு ஆப்பிலிருந்தா, மீட்டரிலிருந்தா என்பதும் எழுதியிருக்கும்.

'பதில்' என்றால் போனில் பதில். ரிப்பேர் இல்லை. "எத்தனை நாளில் ஓட வைப்பீர்கள், இன்வெர்ட்டரைக் கம்பெனிக்கு அனுப்பினால் அதுவரை மாற்று தருவீர்களா" என்று கேளுங்கள். நல்ல வெயில் காலத்தில் இன்வெர்ட்டர் மூன்று வாரம் சர்வீஸ் சென்டரில் கிடந்தால் 250 யூனிட் போச்சு. மாற்று இன்வெர்ட்டர் தருகிற திட்டம் கிடைத்தால் அதை எடுக்கலாமா என்று நானும் யோசிப்பேன்.

நுகர்பொருள் தனி என்றால் ஃபியூஸ், எஸ்பிடி, கன்னெக்டர் எல்லாம் தனி. கெட்டுப்போவதே அவைதான் என்று மேலே எழுதினேன்.

வைரத்துக்குக் கட்டும் பணத்தில் இன்வெர்ட்டர் வாரண்டியை நீட்டிக்க முடியுமா என்று கம்பெனியின் தளத்தில் பாருங்கள். பேனல் 25 வருடம் நிற்கும், இன்வெர்ட்டர் பத்திலிருந்து பதினைந்து வருடம்தான். இடையில் ஒருமுறை மாற்றத்தான் போகிறீர்கள், இன்றைய விலையில் முப்பதாயிரம் பக்கம். சில கம்பெனிகளில் ஆன்லைனில் பதிவு செய்தால்தான் முழு வாரண்டியும் கணக்காகும். போட்டவர் பதிவு செய்தாரா என்று சீரியல் எண் போட்டுப் பார்த்துவிடுங்கள்.


ஓசூர்_ரோடு

நடுவில் ஒரு சந்தேகம். போட்டுக்கொடுத்த கம்பெனியே மூடிவிட்டுப் போய்விட்டால்? எங்களுக்கு அப்படித்தான் ஆனது. போன் எடுப்பதில்லை, அலுவலகத்தில் இப்போது பிரியாணிக் கடை.


அல்சூர்க்காரன்

பிரியாணி எப்படி?

விளையாட்டு போகட்டும். பேனல் வாரண்டியைத் தயாரிப்பாளரிடம் நேரடியாகவே கேட்கலாம். பில்லும், ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணும் வேண்டும். எண் பேனலின் பின்பக்க ஒட்டியில் இருக்கும், வெயிலில் மங்கிவிடும். இப்போதே படம் எடுத்து வையுங்கள். பேனல் மாற்றித் தந்தாலும் கழற்றி மாட்டும் கூலியும் லாரி வாடகையும் நம் தலையில்தான் பெரும்பாலும் விழும். மானியத்தில் போட்டதென்றால் சூர்ய கர் போர்ட்டலிலேயே புகார் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.


பானஸ்வாடி_மாடிவீடு

தகவலுக்கு: ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பினேன். மறுநாளே மேலாளர் பேசினார், குரலில் சர்க்கரை. "அது இருக்கு சார், இது கூடுதல் வசதி" என்றார். கூடுதல் வசதி வேண்டாம், ஒப்பந்தப்படி வந்து பார்த்து எண்களை எழுதிக் கொடுங்கள் என்றேன். வந்தார்கள். எர்த் ஒரு குழியில் 3.1, இடிதாங்கிக் குழியில் 7.8. தண்ணீரும் உப்பும் போட்டுப் பார்த்துவிட்டு, குறையாவிட்டால் புது ராடு இறக்குவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கன்னெக்டர் இரண்டு தரையில்தான் கிடந்தன, தூக்கிக் கட்டியாயிற்று.


கேஆர்புரம்_மின்வெட்டு

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் தினமும் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறது. நல்ல வெயில் நேரம். 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' என்று காட்டுகிறது. பராமரிப்புத் திட்டம் எடுத்தால் சரிசெய்து தருகிறோம் என்கிறார்கள்.


டெஸ்டர்_செல்வம்

எந்தத் திட்டத்தாலும் அது சரியாகாது. வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். அதைவிடப் பத்து சதவீதம் கூடினாலும், அதாவது 253 வரை, இன்வெர்ட்டர் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேலே போனால் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர் தானாக விலகிக்கொள்ளும். உங்கள் தெருவில் நிறைய வீட்டில் சோலார் இருந்து, மத்தியானம் ஏசி மெஷினும் மோட்டாரும் ஓடாமல் இருந்தால் வோல்டேஜ் ஏறத்தான் செய்யும்.

ஆனால் பெஸ்காமைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மத்தியானம் நல்ல வெயிலில் ஒரு ஆளை மீட்டர் பக்கத்திலும் ஒரு ஆளை இன்வெர்ட்டர் பக்கத்திலும் நிறுத்தி, ஒரே நேரத்தில் மல்டிமீட்டரில் வோல்டேஜ் பாருங்கள். கரண்ட் பெட்டி விஷயம், பழக்கம் இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். மீட்டரில் 246, இன்வெர்ட்டரில் 254 என்கிற மாதிரி வித்தியாசம் வந்தால் நடுவில் போட்ட ஏசி கேபிள் ஒல்லி. அது போட்டவர் தப்பு, இலவசமாகவே மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் 255-க்கு மேல் காட்டினால்தான் லைன் பிரச்சினை. அப்போது பெஸ்காமின் 1912-இல் புகார் எண் வாங்கி, மல்டிமீட்டர் தெரிகிற மாதிரி நேரத்தோடு எடுத்த படத்தையும் சேர்த்துப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் டேப் (வோல்டேஜைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) மாற்றும் வசதி இருந்தால் ஒரு படி இறக்கித் தருவார்கள். இன்வெர்ட்டர் செட்டிங்கில் வரம்பை ஏற்றிவிடுகிறேன் என்று யாராவது வந்தால் மட்டும் விடாதீர்கள், அந்த வோல்டேஜ் உங்கள் ஃபிரிட்ஜுக்கும்தான் போகிறது.


கேஆர்புரம்_மின்வெட்டு

மீட்டரில் 243, இன்வெர்ட்டரில் 255 சார். கேபிள்தான். இப்போதே போன் போடுகிறேன்.